மூன்று காவலாளிகளும் ஒரு பொட்டும்

மச்சான்,

உன் மடிக்கணினி இப்போது கிள்ளானில், என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. திறந்தால் முதலில் கண்ணில் படுவது, கேமராவின் கண்ணை மூடி நீ ஒட்டிவைத்த அரக்குப் பொட்டுதான். உன் மனைவியின் பொட்டு அட்டையிலிருந்து திருடியது. "இந்த ஓட்டை வழியா உலகமே என்னைப் பாக்குது" என்றாய். நீ கைலியோடு தே தாரிக் டீ குடிக்கும் அழகைக் காண ஏழு நாட்டு ஒற்றர்கள் வரிசையில் நிற்பதாக நானும் நம்பினேன்.

போன மாதம் தங்கச்சி இதை என்னிடம் கொண்டுவந்தாள். "அண்ணே, திதிக்கு அவரு படம் ஒன்னு வேணும். எல்லாத்தையும் இதுலதான் போட்டு வச்சிருக்காரு. தொறக்கவே மாட்டேங்குது." போனில் இருந்தால் திருடிவிடுவார்கள் என்று எல்லாப் படங்களையும் இதற்குள் ஏற்றிவிட்டு, போனில் அழித்த மகராசன் நீ.

பொத்தானை அழுத்திவிட்டுப் பத்துமலைப் படி முழுக்க ஏறி, முருகனிடம் உன்னைப் பற்றிக் கோள் சொல்லி, இறங்கி வந்து, குரங்கிடம் வாழைப்பழத்தைப் பறிகொடுத்துத் திரும்பினாலும் இது கண் விழிக்காது. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் குற்றத்தில் நானும் கூட்டாளி.

பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டு வரவேற்பறையில், ஒரு ஞாயிறு முழுக்க ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுத்தோம். பேரரசர்கள்கூடப் படைத்தளபதியை அவ்வளவு யோசித்து நியமித்திருக்க மாட்டார்கள். முதலில் இனாமாகக் கிடைத்த ஒன்று. "இனாமா குடுக்கிறவன் திருடனுக்கு மாமன்டா" என்று, அதைக் கண்காணிக்கக் காசு கொடுத்து இன்னொன்று. காசு வாங்கினவனை மட்டும் எப்படி நம்புவது? இரண்டையும் வேவு பார்க்க மூன்றாவது. மூன்று காவலாளிகளும் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்துக்கொள்ள, திரையெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. நீ பூரித்துப்போனாய். "பாத்தியா, எத்தனை திருடனுங்க. நல்லவேளை மூணு போட்டோம்."

என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கணினிக் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அங்கிள், மூணு போட்டா மூணும் அடிச்சிக்கும் லா. கம்ப்யூட்டரோட வந்தது ஒன்னு உள்ளயே இருக்கு, வீட்டுக்கு அது போதும். அப்டேட் மட்டும் ஒழுங்கா போடுங்க."

விற்க உட்கார்ந்தவரே வாங்காதே என்கிறார். நீ இருந்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பாய்.

"இல்ல, எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசாவே போட்டுத் தரவா? பறக்கும்."

துடைத்தால் உன் முகமும் போய்விடும். "முதல்ல படத்தையெல்லாம் தனியா காப்பி எடும்மா. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணு." அவர் எடுத்து முடிக்கும்வரை, பக்கத்திலேயே குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நான்காவது காவலாளி.

படங்கள் கிடைத்த இடம் 'கரண்ட் பில்' என்ற கோப்புறை. எந்தத் திருடனும் அடுத்தவன் பில்லைத் திறக்க மாட்டான் என்பது உன் சாணக்கியம். உள்ளே எங்கு பார்த்தாலும் தங்கச்சிதான். கோயிலில், பாசாரில், தூக்கத்தில், கோபத்தில். உலகத்தையே சந்தேகப்பட்டு, மூன்று பூட்டுப் போட்டு, நீ காத்தது இதைத்தானா?

நீ தனியாக இருந்தது ஒரே ஒரு படத்தில். நான் எடுத்தது. ஒரு கண்ணைச் சுருக்கி, 'இவன் எதுக்கு இப்ப என்னைப் படம் எடுக்கிறான்?' என்று பார்க்கிறாய். சாமி படத்துக்குப் பக்கத்தில் இதை எப்படி மாட்டுவது என்று தயங்கித்தான் கொடுத்தேன்.

தங்கச்சி வெகுநேரம் பார்த்தாள். "இதான் அவரு, அண்ணே. சிரிக்கிற படமா இருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

கணினியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நாம் வைத்த மூன்று காவலாளிகளையும் கடையிலேயே வேலையைவிட்டு நிறுத்தியாயிற்று. உள்ளேயே பிறந்து வளர்ந்தவன் மட்டும் இருக்கிறான். அவனையும் நான் முழுக்க நம்பவில்லை. உன் பொட்டில் கை வைக்கவில்லை. நேற்று என் போனுக்கும் ஒன்று ஒட்டினேன்.

"யாரு உங்களைப் பாக்கப் போறா?" என்றாள் என் வீட்டுக்காரி.

ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அதை நீ ஏன் கேக்கிற?" என்றேன்.