பல் டாக்டர் பிடுங்க மறுத்த பல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமா? இங்கே நாங்கள் நலம் என்று எப்போதும் ஒப்புக்கு எழுதுவேன், இந்த முறை இதய டாக்டரே பார்த்துச் சொன்ன நலம். பதறாதே, உட்கார்ந்து படி. எல்லாம் நல்லபடியாக முடிந்து பத்து நாளாகிறது, அப்பா போட்ட தண்ணிக் காபியைக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக எனக்குக் கீழ்த்தாடையில் வலி. அச்சகத்தில் மூன்று மாடி ஏறி, புரூஃப் திருத்தும் என் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் தாடையை யாரோ இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும், ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போய்விடும். சொத்தைப் பல் என்று நானே முடிவு கட்டி, தெருமுனைப் பல் டாக்டரம்மாவிடம் போய்ப் பிடுங்கிவிடச் சொன்னேன். அவள் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள், படம் எடுத்தாள், "எல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா, எதைப் பிடுங்கச் சொல்றீங்க?" என்றாள். நானும் விடாமல் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினேன். மெல்லும்போது வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, மாடி ஏறும்போது என்றேன். கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டாள். "மாடி ஏறினா பல்லுக்கு என்னம்மா வந்துச்சு? இன்னைக்கே இதய டாக்டரைப் பாருங்க" என்று அவளே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். வீட்டில் சொன்னதும் உன் அப்பா முதலில் சிரித்தார், அப்புறம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. நான் சொன்னேனே என்று கைப்பையை எடுத்தேன். டாக்டர் விடவில்லை. "படுத்திருக்கும்போது சரியாத்தான் இருக்கும், நடக்கவிட்டுப் பார்க்கணும்" என்று நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ட்ரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றிவிட்டார். ஆறாவது நிமிஷம் அதே தாடை வலி, ஈசிஜி காகிதத்தில் கோடுகளும் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கிவிட்டன. உடனே நிறுத்தி உட்காரவைத்து விளக்கினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிந்து வழி குறுகிவிடுகிறதாம், சும்மா இருக்கையில் கிடைக்கிற ரத்தம் போதும், மாடி ஏறினால் இதயம் இன்னும் கேட்கும், கிடைக்காது, அதுதான் வலி. "அது நெஞ்சுலதான் வரணும்னு இல்லம்மா, தாடை, தோள், முதுகுன்னு எங்க வேணா வரும்" என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் தோள் வலிக்கிறது என்று வாரக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மாரடைப்பில் போனார்.

மறுநாளே ஆஞ்சியோகிராம். கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில் இரண்டு எழுத்துப் பிழை, பேனா கையில் இருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது, திருத்திக் கொடுத்தேன், நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மணிக்கட்டை மரத்துப்போகச் செய்து அது வழியாக மெல்லிய குழாயை விட்டு மருந்து செலுத்தினார்கள், திரையில் என் இதயத்துக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன, ஓரிடத்தில் மட்டும் நூல் மாதிரி. தொண்ணூறு சதவீத அடைப்பாம். அந்தக் குழாய் வழியாகவே ஒரு சின்னப் பலூனை அனுப்பி அங்கே விரித்ததும் அதே தாடை வலி வந்தது, சொன்னேன். "அப்போ இவன்தான்மா திருடன்" என்றார் டாக்டர். பலூனை எடுத்துவிட்டு, வழி மூடாமல் இருக்க வலை போன்ற ஸ்டென்ட் ஒன்றை அங்கேயே வைத்துவிட்டார், வலியும் நின்றது. வேறொரு குழாயில் நாற்பது சதவீதம் இருக்கிறது, வந்ததுதான் வந்தேன் அதையும் முடித்துவிடுங்கள் என்றேன். அதற்கு மாத்திரையும் நடையும் போதும், பார்த்த அடைப்புக்கெல்லாம் ஸ்டென்ட் வைப்பதில்லை என்றுவிட்டார்.

அவ்வளவு நேரமும் உன் அப்பா என் செருப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாராம். ஓரமாக வைக்கச் சொன்னதற்கு "இல்ல, அவ வந்ததும் கேட்பா" என்றாராம். நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவரிடம் கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறார். இப்போது வாளியைக்கூடத் தூக்க விடுவதில்லை, மாத்திரை வேளைக்கு ஆள் முன்னால் வந்து நிற்கிறார், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதாம். நேற்று தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்தேன், தாடை வாயே திறக்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு. புது வேலையில் இருப்பவளை ஏன் கலங்கவைக்க வேண்டும் என்று அப்பாவின் வாயையும் அடைத்துவிட்டேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன். என் அப்பாவுக்கு வந்து, எனக்கும் வந்திருக்கிறது, அதனால் நீ இந்த மாதமே கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து எழுது, சின்ன வயசு என்று சாக்குச் சொல்லாதே. இன்னொன்று, போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்குச் சளி என்றாய். நானும் இரண்டு மாதம் பல்வலி என்று சொன்னவள்தான், கண்ணு. என்ன என்று எழுது, கேட்டுக்கொள்ள அம்மாவுக்கு இப்போது தெம்பு இருக்கிறது.

நீ நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா