துளசிக்காக எழுதிய விதி

14 யூன் 2011, செவ்வாய்

மெல்பேணின் இந்த மேற்குக் கோடியில், வெரிபீயில், விடிய மூன்று பாகை. கார்க் கண்ணாடியில் உறைபனி. சுரண்டி முடிப்பதற்குள் வழக்கமான ரயில் போய்விட்டது.

மாலை ஐஸ் ஹொக்கி லீக்கின் செயற்குழு. (நான் ஊதியமற்ற சட்ட ஆலோசகர்.) நான் சேர்ந்த நாட்களில் விளையாடுகிறவர்களே வாசலில் நின்று ரிக்கெற் கிழித்தார்கள். இப்போது மெல்பேணுக்கே இரண்டாவது அணி. கனடாவிலிருந்து ஆட்கள். உள்ளூர் அணிகள் இரண்டும் மோதும் நாளில் நிற்கவும் இடமிராதாம். அணிகள் பெருகின; நடுவர்கள் பெருகவில்லை. ஆகவே இளையோர் போட்டிகளிலிருந்து மூவரை மேலே எடுக்கிறார்கள். ஒருவர் மகள் துளசி (இனி து.). கோட்டு நடுவர் (லைன்ஸ்மன்). 25ஆந் திகதி, அதே உள்ளூர் மோதல்.

கோட்டு நடுவரின் கடமைகளுள் ஒன்று: இரு வீரர்கள் கையுறையை எறிந்துவிட்டு அடிபட்டால், இடையில் புகுந்து பிரித்தல். து. என் தோளுயரம்.

மனைவியிடம் சொன்னேன்.

"அவளுக்குப் பத்தொன்பது வயது," என்றாள் சுகந்தி. "நீங்கள் பச்சை விளக்குக்கும் காரை நிப்பாட்டுற ஆள். உங்களைக் கேட்டால் அவள் படியும் இறங்கேலாது."

16 யூன், வியாழன்

மழை. நித்திரை இல்லை.

து.விடம் நேரே கூறினால் கேட்கமாட்டாள். நடுவர்களை நியமிக்கும் பிறென்டனிடம் கூறினால் நலன் முரண். எனவே பெயர் குறிப்பிடாத பொது விதி. மதிய இடைவேளையில் வரைந்தேன்: ஐந்து பருவங்கள் நடுவராக நிற்காத எவரும், அடிதடி எதிர்பார்க்கப்படும் போட்டிகளுக்கு நியமிக்கப்படலாகாது. காரணம்: காப்புறுதி. (உண்மையான காரணமே. முழுமையானதன்று.)

து. நடுவரானது சென்ற ஆண்டு. அதற்கு முன் விளையாடினாள்.

வாங்க: பால், மின்குமிழ்.

22 யூன், புதன்

விதி ஏகமனதாக நிறைவேறியது. பிறென்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இளையோர் போட்டிகளில் நடுவராக நின்றதும் கணக்கில் சேரும்தானே?"

சேரும் என்றேன். சேராவிட்டால் லீக்குக்கே ஆளிராது.

"அப்படியென்றால் புதியவர்களில் மற்ற இருவரும் இல்லை. உங்கள் மகள்தான் மிச்சம். பதின்மூன்று வயதிலிருந்து நிற்கிறாளே."

பதின்மூன்று. அந்தச் சனிக்கிழமைகளில் இருட்டோடு அவளை ஏற்றிப் போனவன் நான். பனி அரங்குக்குள் குளிர் என்று, காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு கோப்பு வாசித்தேன். ஒருநாளும் உள்ளே போகவில்லை. விளையாடுகிறாள் என்றே எண்ணியிருந்தேன்.

விதியை மீளப் பெறலாமா? காரணம் கூற வேண்டும். முடியாது.

25 யூன், சனி

வெயில், கடுங்காற்று. முதற் தடவையாக அரங்குக்குள்ளே, சுகந்தியோடு. படிகளிலும் ஆட்கள். பின்வரிசையில் தமிழ்க் குரல்கள்.

"மச்சான், அந்த றெஃப் எங்கட பிள்ளை மாதிரிக் கிடக்கு."

"எங்கட சனம் இதுக்கு விடுமோடா. பிஜிக்காரியாய் இருக்கும்."

திரும்பவில்லை.

மூன்றாம் பகுதியில் கையுறைகள் விழுந்தன. து. ஒரு முழம் தள்ளி நின்றாள். புகவில்லை. அடி விழுந்துகொண்டே இருந்தது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பயந்துவிட்டாள் என நினைத்தேன். ஒரு நிம்மதி. ஒருவனின் கை தளர்ந்தது. அக்கணமே உள்ளே. மற்றவனை இறுக அணைத்து, காதில் ஏதோ சொல்லி, கூட்டிக்கொண்டு போனாள். முழங்கை ஒன்று தாடையில் பட்டது.

"என்ர கையை விடுங்கோ," என்றாள் சுகந்தி. "நோகுது."

26 யூன், ஞாயிறு

மந்தாரம். து. குசினியில், தாடையில் உறைந்த பட்டாணிப் பை.

அவனிடம் என்ன சொன்னாய் எனக் கேட்டேன்.

"'வெண்டது நீதான், மேட்' எண்டு. ரெண்டு பேருக்கும் அதைத்தான் சொல்லுறது."

சிரிக்க நொந்தது அவளுக்கு.

"அப்பா, அந்த ரூல் நீங்கள் எழுதினதாம். பிறென்டன் சொன்னவர்."

"ஓம்."

"தாங்க்ஸ். நீங்கள் ஒண்டும் கேக்கிறேல்லை. நான் அங்க என்ன செய்யிறன் எண்டு உங்களுக்குத் தெரியாதாக்கும் எண்டு நினைச்சனான்."

திருத்தவில்லை.

அடுத்த சனி சிட்னிப் போட்டிக்கும் அவளாம். விதிப்படி வேறு ஆளில்லை. விடிய விமானம். நான்தான் கொண்டுபோய் விட வேண்டும்.