கீழே விழுந்த ஐந்தாம் நம்பர் கேமரா

ஸ்கார் பண்ணை, விஸ்கான்சின்
பிப்ரவரி 26

அன்புள்ள மகன் சோரனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் வலது கணுக்கால் ஒன்று நீங்கலாக இங்கே எல்லோரும் எல்லாமும் சுகம். அங்கே பெர்த்தில் நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி. இங்கே இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, துணிக்கொடியில் மறந்துபோய் விட்ட உன் அப்பாவின் கம்பளிக் காற்சட்டை ஆள் மாதிரி விறைத்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறார், நான் எதைச் சொல்ல. அப்புறம் போனை அவர் கையில் கொடுத்தால் அவர் இங்கே பனி என்கிறார், நீ அங்கே வெயில் என்கிறாய், அவர் சரி என்கிறார், நீ சரி என்கிறாய். நவம்பரிலிருந்து இந்த வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். வானொலிக்காரன் இதைவிட அதிகம் பேசுவான்.

அந்தச் சனிக்கிழமையை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எண்பது தப்படியில் அப்பாவின் துப்பாக்கியால் நீ போதகரைச் சுட்டாய், அது துள்ளி ஓடிவிட்டது. மறுநாள் முழுக்க நீ, அப்பா, டெல்மர் மாமா மூன்று பேரும் தேடினீர்கள். நாலு சொட்டு ரத்தம், கொஞ்சம் வெள்ளை ரோமம், அதுவும் சதுப்பு நிலத்தில் போய் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை விமான நிலையத்தில் நீ என்னிடம் “காயம்பட்ட மிருகத்த அப்படியே விட்டுட்டுப் போறேன்மா, இனி நான் துப்பாக்கியத் தொட மாட்டேன், என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொன்னாயே, அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அந்த ஆண்மான் நம் காட்டுக் கேமராக்களில் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நாம் எல்லோரும் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து மட்டும்தான் வரும், அதனால்தானே அதற்குப் போதகர் என்று பேர் வைத்தோம். பாவம், வாழ்க்கையில் ஒரே ஒரு சனிக்கிழமை வெளியே வந்தது, அதுவும் இப்படி ஆயிற்று. நீ போன அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரே நினைப்புதான். அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும், தெரிந்தால்தான் நீ மறுபடி வருவாய் என்று அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான், பொய் சொல்வானேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் கேமராக்களுக்கு பாட்டரி மாற்றப் போனவர் ஓடைக்கரைப் பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு வந்தார். ஆறு வாரம் கட்டு. மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டு விட்ட பெருமூச்சில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. துடைத்துத் துடைத்து எனக்கே அலுத்துப்போய், சரி, கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆறு கேமராவுக்கு அறுபது சட்டம். ரப்பர் பூட்ஸ்தான் போட வேண்டும், சோப்பு வாசனை கூடாது, கைக்கு க்ரீம் கூடாது, குளிருக்குத் தாங்கும் லித்தியம் பாட்டரிதான் போட வேண்டும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்ற வேண்டும், லென்ஸை மூச்சுக் காற்றால் ஊதித் துடைக்கக் கூடாது, ஊதினால் அங்கேயே உறைந்துவிடுமாம். இதையெல்லாம் அவர் வாக்கி-டாக்கியில் சொல்லச் சொல்ல நான் முழங்கால் பனியில் நிற்கிறேன். “ஆர்டிஸ், எங்க நிக்கற?” என்பார். மரத்துப் பக்கத்தில் என்பேன். “எந்த மரம்?” என்பார். நாற்பது ஏக்கர் காட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல, நீயே சொல்.

முதல் சுற்று நான் கொண்டுவந்த கேமரா மெமரி அட்டைகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் டெல்மர் மாமா உனக்குச் சொல்லத்தான் போகிறான். முதலாம் கேமராவில் மாமாவேதான், வேலியோரம் திரும்பி நின்றுகொண்டு, என்ன செய்கிறான் என்று நான் எழுத மாட்டேன். இரண்டாவதில் என் பின்புறம் நாற்பத்து மூன்று படம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, பாட்டரி மாற்றிய நான் ஸ்விட்சைப் போடாமல் மூடிவிட்டு வந்திருக்கிறேன். ஐந்தாவதில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு படம், எது அசைந்தாலும் தானே எடுக்கிற கேமரா அல்லவா, அத்தனையும் லென்ஸுக்கு முன்னால் காற்றில் ஆடிய ஒரே ஒரு குச்சி. உன் அப்பா அத்தனையையும் பார்த்தார் சோரன், ஒன்று விடாமல், குச்சிக்குப் பின்னால் மான் நிற்குமோ என்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

மான்கள் இருந்த படங்களிலும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் இந்த மாதத்தில் ஆண்மான்களுக்குக் கொம்பு உதிர்ந்துபோய் எல்லாம் மொட்டைத் தலை. சமையலறை மேஜையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அப்பாவும் மாமாவும் மூன்று சாயங்காலம் சண்டை போட்டார்கள். போதகருக்கு இடது காதில் ஒரு வெட்டு உண்டு, அது ஒன்றுதான் அடையாளம். “இதோ வெட்டு!” என்பார் அப்பா. “மச்சான், அது காது மேல விழுந்த பனி. அதோட இது பொட்ட மான், கழுத்தப் பாருங்க” என்பான் மாமா. “உனக்குக் கழுத்தப் பத்தி என்னடா தெரியும், உனக்கே கழுத்து கிடையாது” என்பார் இவர். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காபி குடிக்கிற இடத்தில்கூட மாமா சும்மா இருக்கவில்லை. “என்ன அக்கா, போதகர் செத்துட்டாரா இருக்காரா?” என்று உரக்கக் கேட்டான், நம் பாஸ்டர் ஹோல்ம்விக் கையில் கேக்கோடு திரும்பிப் பார்த்தார். அப்புறம் எனக்கு அங்கே காபி இறங்கவில்லை.

இதற்கு நடுவில் மரம் சாய்க்கும் வேலையை வேறு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். உனக்குத் தெரிந்ததுதான், எனக்குத்தான் இத்தனை வருஷம் தெரியாது. மரத்தை முழுக்க அறுக்காமல் இடுப்பு உயரத்தில் முக்கால்வாசி அறுத்து மடங்கிச் சாய விட்டால் மரமும் சாகாது, நுனிக்கொம்பு மொட்டெல்லாம் மானின் வாய்க்கு எட்டும், படுக்க மறைவும் கிடைக்கும். பசி மாதத்தில் தீனி வைத்தால், காயம்பட்ட மான் இருந்தால் வரும் என்று அப்பாவின் கணக்கு. ரம்பம் மாமா கையில், தள்ளுகிற கோல் என் கையில், அதிகாரம் ஜன்னலில். நாங்கள் தெற்குச் சரிவில் முப்பது மரம் சாய்த்தோம். முப்பத்தொன்றாவது மரம் வெகு அழகாக மடங்கிப் படுத்தது. படுத்த பிறகு பார்த்தால் அதன் தண்டில் வாரால் கட்டின ஐந்தாம் நம்பர் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குச்சிக்குப் பயந்து முந்தின வாரம்தான் நான் அதைப் பழைய இடத்திலிருந்து கழற்றி இந்த மரத்தில் கட்டியிருந்தேன், மாமாவிடம் சொல்லவில்லை. “சொல்ல வேண்டாமாக்கா?” என்றான். “அறுக்கறதுக்கு முன்னாடி மரத்தச் சுத்திப் பாக்க வேண்டாமாடா?” என்றேன். வாக்கி-டாக்கியில் “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று ஒரு குரல். ஒன்றுமில்லை, எல்லாம் அமோகமாக நடக்கிறது என்று சொல்லிவிட்டோம். கொப்பும் கிளையும் அப்படிப் பின்னிக் கிடந்ததில் கேமராவை எடுக்க முடியவில்லை, பதினொரு நாள் அது அங்கேயே மல்லாந்து கிடந்தது. போன மாதிரிதான் என்று தலைமுழுகிவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் மாமா தவழ்ந்து போய் எடுத்துவந்தான். வானம், வானம், மேகம், ஒரு காகம், வானம். அதற்கப்புறம் ஒரு மூக்குத் துவாரம், சோரன், மேஜை அகலத்துக்கு. பிறகு தாடை, மொட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற வாய், பிறகு இடது காது, வெட்டோடு. நேரம் என்ன என்று கேள், ஞாயிறு காலை பத்து இருபது. மாமா குதித்த குதியில் அலமாரியில் இருந்த தட்டு விழுந்தது. அடுத்த படத்தில் அது கேமராவைத் தாண்டிப் போகிறது, நெஞ்சுக்கு அடிப்பக்கம் முழுக்கத் தெரிகிறது. முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், ரோமம் போய் இளஞ்சிவப்பாக, நன்றாக ஆறிவிட்டது. தோலைக் கீறிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். மற்ற ஐந்து கேமராவும் மரத்தில் நேராக நின்றுகொண்டு பக்கவாட்டில்தான் எடுக்கும், நூறு வருஷம் எடுத்தாலும் அது தெரிந்திருக்காது. படத்தை ஊரில் படம் அச்சடித்துத் தருகிற மருந்துக்கடையில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், கண்ணாலேயே பார்த்துக்கொள். நான் அழுதுவிட்டேன், மானுக்காக இல்லை.

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நானும் மாமாவும் கூத்தாடிக்கொண்டிருந்தோம். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா பர்ஸை எடுத்து, வேட்டை உரிமச் சீட்டுக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை மேஜைமேல் விரித்தார். துப்பாக்கி சுட்டுப் பழகுகிற வட்டம் போட்ட தாள். மூன்று ஓட்டை, மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுப்புள்ளிக்கு ஒரு சாண் கீழே. “சீசனுக்கு மொத நாள் பிக்கப் வண்டியிலேருந்து துப்பாக்கி என் கை தவறி விழுந்துது. மேல இருக்கற தொலைநோக்கி கல்லுல பட்டுது. கண்ணாடி உடையல, கீறலும் இல்ல, சரி நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்” என்றார். யார் சொல்கிறார் பார். முப்பது வருஷமாக, சீசனுக்கு முன்னால் காகிதத்தில் மூன்று குண்டு சுட்டுக் காட்டாதவனை வேட்டைக் குடிசை வாசலிலேயே நிறுத்தி வைத்த மனிதர். மாமாவை ஒரு தடவை மழையில் நிறுத்தினார், நினைவிருக்கிறதா. நீ ஊருக்குப் போன மறுவாரம் டிசம்பரில் மணல்குவாரிக்குத் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்திருக்கிறார், நேராகக் குறி வைத்தாலும் குண்டு கீழேதான் போயிருக்கிறது. அன்றிலிருந்து அந்தத் தாள் பர்ஸில்.

ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “மான் இருக்கா செத்துதான்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “உங்க பையன் உயிரோடதானே இருந்தான், அவன்கிட்ட சொல்றதுக்கு மான்கிட்ட எதுக்கு உத்தரவு?” என்று கேட்டேன். மூன்று மாதம் நீ உன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு அவ்வளவு தூரத்தில் கிடந்தாய், இவர் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பனி, வெயில் என்று பேசிக்கொண்டிருந்தார். அன்று டெல்மர் மாமாகூடத் தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு நானே சொல்கிறேன் என்றார். சரி என்றேன். போனை வாங்கினார், இங்கே இன்னும் பனிதான் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் பனிதான். மனிதர் கெட்டவர் இல்லை, அது உனக்கும் தெரியும். தப்பை ஒத்துக்கொள்கிற தசை அவருக்கு வளரவே இல்லை. அதற்காக நான் காத்திருக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்ச் வந்துவிட்டால் உறைந்த மண்ணின்மேல் மான் மேய்கிற குளோவர் தீவன விதை தூவ வேண்டுமாம், அதையும் நான்தான் செய்வேன் போலிருக்கிறது. பிடித்துத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடாதே. நீ அங்கே தகரத்தில் அடைத்ததையே தின்னாதே, காய்கறி வாங்கு, ராத்திரி வேலை என்றால் பகலில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கு. துப்பாக்கியைத் தொடுவதும் தொடாததும் உன் இஷ்டம், ஆனால் வீட்டுக்கு வராமல் இருக்க இனி உனக்குக் காரணம் கிடையாது. ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே, நான் எடுக்க மாட்டேன், அப்பாதான் எடுப்பார். இந்தத் தாளின் அடியில் நாலு விரல் இடம் விட்டு அவர் முன்னால் வைக்கப் போகிறேன். எழுதாமல் உறையை ஒட்ட மாட்டேன், சாப்பாடும் போட மாட்டேன் என்று சொல்லியாயிற்று.

நீ எங்கே இருந்தாலும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா, ஆர்டிஸ்

சோரன், அம்மா எழுதினது எல்லாம் உண்மை. ஜன்னல் கண்ணாடி ஆவி மட்டும் கொஞ்சம் அதிகப்படி. சதுப்பு நிலத்தில் மானின் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கிற வெள்ளை ரோமத்தைக் கையில் எடுத்தபோதே குண்டு கீழே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் சொல்லவில்லை. நீ சரியாகத்தான் சுட்டாய், மகனே. என்னை மன்னித்துவிடு.
அப்பா