அவன் விழல, மாஸ்டர்

7 ஜூலை 1974, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். கொட்டகைக்குச் சீக்கிரம் போய் மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டினேன். தேங்காய் நார், மேலே கேன்வாஸ், உள்ளே மூட்டைப்பூச்சி. பள்ளிக்கூடத்துக்காரர்கள் பின்கட்டுக் கொட்டகையை நம் ஜூடோ கிளப்புக்கு விட்டதே பெரிது. ஜப்பானில் புல் பாய் போடுகிறார்களாம். போடட்டும்.

வகுப்புக்கு ஏகாம்பரம் வீங்கிய உதட்டோடு வந்தான். சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். மூன்று வருஷமாக என்னிடம் ஜூடோ. என்ன ஆயிற்று என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். பிறகு வந்தது.

"நேத்து கடையாண்ட ஒர்த்தன் வம்பு பண்ணான் மாஸ்டர். நீங்க சொன்ன மாரியே காலரைப் புட்ச்சேன். இடுப்பக் குட்த்தேன். இஸ்தேன். அவன் விழல."

"விழலன்னா?"

"விழல. நின்னுக்கினே இருந்தான். இன்னாடா பண்றேன்னு கேட்டான் மாஸ்டர். அப்பால குத்துனான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கால் வைத்த இடம் தப்பாக இருக்கும் என்றேன். என்னோடு கிளப்பை நடத்தும் காசிம் பாய் மட்டும் சிரிக்கவில்லை. கழற்றிப்போட்ட செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசையாகத்தான் இருந்தன ஏற்கெனவே.

குறித்துவைக்கிறேன்.

9 ஜூலை, செவ்வாய்

ஆபீஸில் ஃபேன் ஓடவில்லை. மதியச் சாப்பாடு தயிர்சாதம், மாவடு.

பஸ்ஸில் வசந்தாவைப் பார்த்தேன். நம் கிளப்பில் இருக்கும் ஒரே பெண். மயிலாப்பூர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ், நல்ல கெட்டிக்காரி. பேச்சுவாக்கில், "காசிம் பாயை நேத்திக்கு தி. நகர்ல பார்த்தேன் மாஸ்டர். புதுசா கராத்தே ஸ்கூல் ஆரம்பிச்சிருக்காளே, அங்கேர்ந்து வெளியில வந்துண்டிருந்தார்" என்றாள்.

சரிதான்.

பனகல் பார்க் பக்கம் அந்தக் கராத்தே ஸ்கூல் மஞ்சள் போர்டு மாட்டியதிலிருந்து எனக்கு ஒரு கண் அங்கேதான். உள்ளே செங்கல்லை உடைக்கிறார்களாம். உடைக்கட்டும், கொத்தனாருக்கு வேலை மிச்சம். ஆனால் பாய்க்கு அங்கே என்ன வேலை? ராயப்பேட்டையில் தையல் கடை. நானும் அவரும் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. எங்கள் எல்லாருடைய காடாத் துணி ஜூடோக் கோட்டும் அவர் தைத்ததுதான். மெத்தையும் அவர் ஊசியில்தான் உருவானது.

சந்தேகங்கள்:

பாய், கராத்தே ஸ்கூல் வாசலில்.

பாய், சிரிக்காதது.

பாய், போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ஓரமா நின்னு சொல்லிக்குடுத்தாப் போதும் சார், மெத்தையை நான் பாத்துக்கறேன்" என்றது. அப்போது அன்பு என்று நினைத்தேன். மடையன் நான்.

10 ஜூலை, புதன்

சாயங்காலம் லேசாகத் தூறி நின்றுவிட்டது. இன்னும் மோசமான புழுக்கம்.

புதிதாக ஒருவர். முத்தையா, உஸ்மான் ரோடு நகைக் கடையில் விற்பனையாளர், திருநெல்வேலிப் பக்கம். தோள் இரண்டும் கதவு மாதிரி. கேட்டுக்குள் நுழைந்ததும் நேராக என்னிடம்தானே வரவேண்டும்? பாய் அவரை வேப்ப மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஏதோ சொன்னார். முத்தையா திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, காலை. பாயும் பார்த்தார்.

"என்ன பாய், ரகசியம்?"

"ஒண்ணுமில்ல சார். கோட்டு அளவு."

கோட்டு அளவுக்கு என் காலை ஏன் பார்க்கவேண்டும்!

முதல் பாடம் விழுவது. எங்கள் கிளப்பில் புதியவர்களுக்கு வாரக்கணக்கில் அதுதான்: தலையை உள்ளே இழு, உருளு, கையால் மெத்தையை அறை. சத்தம் பட்டாசு மாதிரி கேட்கவேண்டும். முத்தையா சுமாராக விழுந்தார். சரி, வீசினால் எப்படி இருக்கும் என்று காட்டக் கூப்பிட்டேன். இரவல் கோட்டின் காலரைப் பிடித்தேன்.

விழுந்துவிட்டார்.

நான் இன்னும் இழுக்கவே இல்லை.

எழுந்து குனிந்து, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றார். கொட்டகையில் எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது லஸ் முனையில் நின்று யோசித்தேன். அந்த ஆள் என்னைப் போல ஒன்றரை மடங்கு.

12 ஜூலை, வெள்ளி

காபிப் பொடி தீர்ந்துவிட்டது, வாங்க மறந்து பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினேன்.

இன்று சோதனை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகச் செய்வது என்று முடிவு.

வசந்தா. இடுப்பு வீச்சு. இடுப்பை அரை முழம் தள்ளியே வைத்துக்கொண்டேன், கையில் பிடியே இல்லை. வெறும் காற்று. அழகாகப் பறந்து போய் விழுந்தாள். மெத்தையில் பட்டாசுச் சத்தம். "தேங்க் யூ மாஸ்டர்." எழும்போது அவள் கால் விரல் என் பாதத்தில் பட்டுவிட்டது. "ஐயையோ, கால் பட்டுடுத்து" என்று குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஜூடோவில் காலால் தட்டி விழவைக்கும் வித்தை எத்தனை இருக்கிறது! நானே சொல்லிக்கொடுத்தவை. இந்தக் கிளப்பில் ஒருத்தராவது என் காலைத் தட்டியிருக்கிறார்களா? குருவின் மேல் கால் படலாமா என்று எல்லாரும் பத்தடி தள்ளி நிற்கிறார்கள். எதிராளி காலைத் தட்டவே மாட்டான் என்றால் நான் எப்படி விழுவேன்? ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன்.

அடுத்து ஏகாம்பரம். பிடித்தேன். அந்த நேரம் பார்த்துத் தும்மல். பிடியை விட்டு, முகத்தைத் திருப்பி, தும்மினேன். திரும்பிப் பார்த்தால் ஏகாம்பரம் மெத்தையில் கிடக்கிறான்.

"சூப்பர் மாஸ்டர்" என்றான்.

தும்மலுக்கு விழுந்தவன்!

சிரிப்பு வரவில்லை. இவனுடைய உதடு எதனால் வீங்கியது என்று புரிந்துபோயிற்று. நான் எதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் இத்தனை காலமாக?

பாய் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

13 ஜூலை, சனி

அரை நாள் ஆபீஸ். வீட்டில் கமலாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். இப்படி இப்படி, தொட்டால் விழுகிறார்கள், எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "விழுந்தா நல்லதுதானே. அதுக்குத்தானே கிளப்பு?"

"உண்மையா விழணும்டி."

"உங்களுக்கு எதுல சந்தேகம் இல்ல? பால்காரன் மேல சந்தேகம், போஸ்ட்மேன் மேல சந்தேகம். காசிம் பாய்கிட்டயே நேரா கேட்டுடுங்களேன்."

நான் பாயின் பெயரையே எடுக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ளேயும் சதி வந்துவிட்டதா?

ஒரு வேகத்தில் அவள் முழங்கையைப் பிடித்து இடுப்பைக் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். "என்ன கூத்து இது, அடுப்பு பக்கத்துல? தள்ளுங்க, தோசை தீயறது பாருங்க."

தீய்ந்த தோசை எனக்குத்தான் வந்தது.

14 ஜூலை, ஞாயிறு

வகுப்பை ஏகாம்பரத்திடம் விட்டுவிட்டேன், தலைவலி என்று. மதியம் ராயப்பேட்டை. பாய் கடையில் வெள்ளை வெளேர் என்று கோட்டுகள் அடுக்கியிருந்தன. நம்முடையவை அல்ல. கராத்தேக்காரர்களுடையவை.

"கையும் களவுமா" என்றேன்.

பாய் மெஷினை நிறுத்தவில்லை. "தையக்காரன் தைக்காம, சமையலா பண்ணுவான்? உக்காருங்க சார்."

"முத்தையாகிட்ட மரத்தடியில என்ன சொன்னீங்க?"

மெஷின் நின்றது. கடைப் பையனை டீ வாங்கிவர அனுப்பினார். கொஞ்ச நேரம் நூலை ஊசியில் கோக்கிற மாதிரி பாவனை.

"ரெண்டு வருஷம் முன்னாடி உங்க முட்டி போச்சே, ஞாபகம் இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு? இன்னொரு வாட்டி திருகிச்சுன்னா தடி ஊணித்தான் நடக்கணும்னாரு. மெத்தை ஏறாதீங்கன்னாரு. நீங்க கேட்டீங்களா? கட்டு அவுத்த மறுவாரமே கோட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. கமலாத் தங்கச்சி எங்க வீட்டுக்கு வந்து அழுதுச்சு சார். நான் என்ன பண்றது? புதுசா யார் வந்தாலும் சொல்லிடுவேன். மாஸ்டருக்கு முட்டி சரியில்ல. அவர் கை வச்சா எதுத்து நிக்காதே, விழுந்துடு. அவர் காலைத் தட்டாதே."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

"அவங்களுக்குள்ள விளையாடும்போது?"

"அதுதான் சார் தப்பாப் போச்சு. உங்ககிட்ட விழுந்து விழுந்து அதுவே பழகிடுச்சு. இவன் பிடிச்சா அவன் விழறான், அவன் பிடிச்சா இவன். மரியாதை. ஏகாம்பரம் உதட்டைப் பாத்ததும் எனக்குத் திக்குனுச்சு."

கேட்டேவிட்டேன். "போன வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுல மேடையில உங்களை வீசினேனே பாய். அது?"

பாய் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்.

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். திருடினான், ஏமாற்றினான் என்றால் சண்டை போடலாம். இந்த ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் கோபம். அழுகை மாதிரி ஒரு கோபம்.

15 ஜூலை, திங்கள்

ஃபைல் ஒன்றும் ஓடவில்லை.

ஆபீஸ் மாடிப்படியில் முட்டி சுருக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படிக்கட்டும் எனக்காகப் படுத்துக்கொள்ளும்.

கமலாவோடு பேச்சில்லை. அவளும் பேசவில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

யோசித்தது: கிளப்பை மூடுவதா? முட்டியைச் சாக்காகச் சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். ஆனால் ஏகாம்பரம் அந்தக் கடைவாசலில் என்னை நம்பி ஒருத்தன் காலரைப் பிடித்தானே. நாளைக்கு வசந்தா ராத்திரி பஸ்ஸில் இறங்கி வரும்போது எவனாவது கையைப் பிடித்தால்? அவனும் தேங்க் யூ சொல்லி விழுவானா? மூடினால் அவர்கள் கையில் இருப்பது பொய் என்று கடைசிவரை அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, இதுதான் நிஜம்: என்னால் இப்போது யாரையாவது வீச முடியுமா என்று எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது.

17 ஜூலை, புதன்

மழை. கொட்டகை ஓரத்தில் ஒழுகல், ஒரு மெத்தையை நகர்த்திப் போட்டோம்.

எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பாய் சொன்னது எனக்குத் தெரியும். இன்றிலிருந்து யாரும் யாருக்காகவும் விழக்கூடாது. எனக்கும். தேங்க் யூ கூடாது. கால் பட்டால் கண்ணில் ஒற்றக்கூடாது. தட்ட இடம் கிடைத்தால் தட்டு.

ஏகாம்பரம் பாயைப் பார்த்தான். பாய் கையில் கிரேப் பேண்டேஜோடு வாசலில் நின்றார். என்ன நம்பிக்கை!

முதலில் முத்தையா. பிடித்தேன், இடுப்பைக் கொடுத்தேன். கதவு திறக்கவில்லை. "மன்னிச்சுக்கிடுங்கய்யா" என்றார் நின்றபடியே. மறுபடி. அதே. காது சூடாயிற்று. இத்தனை வருஷமாக வாயால் சொல்லிக்கொடுத்தது எதுவும் கைக்கு வரவில்லை.

அடுத்து வசந்தா. நான் முன்னால் கால் வைத்த நொடி, தட்டினாள். சுத்தமாக. கூரை தெரிந்தது. கை தானாக மெத்தையை அறைந்தது. பட்டாசு. எத்தனை நாளாயிற்று கீழேயிருந்து அந்தக் கூரையைப் பார்த்து! அவள் கை என் காலை நோக்கிக் குனிந்தது, பாதியில் நின்றது, முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. அவள் கண்ணில் தண்ணீர்.

"முட்டி?" என்று பாய் ஓரடி வைத்தார்.

"அங்கேயே நில்லுங்க பாய்." முட்டி இருந்தது. எழுந்தேன்.

கடைசியில் ஏகாம்பரம். உதடு ஆறிவிட்டது. முதல் தடவை நின்றான். இரண்டாவது தடவையும் நின்றான், அவனுக்கே வெட்கமாகப் போய் மெத்தையைப் பார்த்தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் இழுக்கவே இல்லை. தானாக விழுகிறவர்களை இழுக்கவேண்டிய தேவையே வராமல், இழுப்பது என்ற ஒன்றை என் கையே மறந்துவிட்டது. முதலில் அவன் நிலையைக் குலைக்கவேண்டும், பிறகுதான் இடுப்பு. புதியவனுக்கு முதல் மாதம் சொல்லும் பாடம்.

மார்பில் கை வைத்துத் தள்ளினேன். அவன் திருப்பித் தள்ளினான். அந்தத் தள்ளலோடு சேர்த்து இழுத்தேன்.

போனான். தலைக்கு மேல் கால். அறைந்த சத்தம் பட்டாசு அல்ல, மூட்டை விழுந்த சத்தம். முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், எழும்போதே வாய் திறந்தது. என் அம்மாவில் ஆரம்பித்தான். அவள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சைதாப்பேட்டைப் பாஷையில் சொன்னான். வசந்தா காதைப் பொத்திக்கொண்டாள்.

பாய் சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இல்லை. இந்த வசவு சொல்லிக்கொடுத்து வராது.

அதற்குள் ஏகாம்பரத்துக்கு யாரைத் திட்டினோம் என்று உறைத்துவிட்டது. இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஐயோ மாஸ்டர், தெரியாம வாயில வந்துட்ச்சு மாஸ்டர், மன்ச்சுக்கோ மாஸ்டர்..."

"இன்னொரு தடவை சொல்லுடா" என்றேன்.