யூலியின் ஊரில் லீனா நிற்கிறாள்

எந்த நேரமும் என்னை "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்ட என் யூலிக்கு,

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வெயர்ஹவுஸ் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிடுகிறேன். ஸ்காபரோவில் எங்கள் அஜின்கோர்ட் பக்கம் நான் நடக்காத தெரு இல்லை. பனி கொட்டினாலும் நடக்கிறேன். உமக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, அதுதான் என்னை இருக்கவிடுகிறதில்லை.

எங்கள் மகள் லீனா இப்போது உம்முடைய ஊரில் நிற்கிறாள்.

நீர் கண்ணை மூடிய பிறகு வந்த கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு இந்தோனேசியாவுக்குப் போனேன். நீர் பிறந்த மண்ணை நீர் இல்லாமல் பார்க்கப் போனது எவ்வளவு விசித்திரம்! புளோரஸ் தீவில் இறங்கி, கடற்கரைப் பட்டினத்திலிருந்து ஓட்டோ ஏறினோம். ஓட்டோ என்று நீர் சொல்லும்போதெல்லாம் மூன்று சில்லு வண்டியைத்தான் நினைத்திருந்தேன். அது மரவாங்கு போட்ட லொறி. எனக்கும் லீனாவுக்கும் நடுவில் ஒரு பன்றிக்குட்டி, காலடியில் அரிசி மூட்டை, தலைக்கு மேலே கூரைத் தகரம். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. லீனா உம்முடைய பச்சை சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று உம்முடைய அக்கா தெரேசியா ஃபோனில் சொல்ல, நீர் குசினிக்குள் துள்ளினீரே, ஞாபகமா? குழாய் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. மேலே எங்கோ மண் சரிந்து பைப்பைக் கொண்டுபோய்விட்டதாம். யாரும் திருத்த வரவில்லை. அதில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். பெண்கள் பழையபடி ஊற்றுக்கு இறங்கி, மஞ்சள் பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் சுமந்து மேலே வருகிறார்கள். ஆண்களில் பாதிப் பேர் மலேசியாவில், எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில். கோப்பியும் கராம்பும் வாங்க வருகிற வியாபாரி தன் வாய்க்கு வந்த விலையைச் சொல்கிறான், இவர்கள் தலையாட்டுகிறார்கள். மருத்துவிச்சி கீழே இருக்கிற ஊரிலிருந்து வரவேண்டும். மழை என்றால் அவரும் இல்லை.

உம்முடைய அப்பாவின் கல்லறை வீட்டு முற்றத்திலேயே இருந்தது. நீர் எனக்குச் சொல்லியிருந்தாலும், பார்த்ததும் திகைத்துப்போனேன். வெள்ளை மாபிள் பதித்த அந்தக் கல்லறையில் பிள்ளைகள் குந்தியிருந்து பள்ளிக்கூடக் கணக்குச் செய்தார்கள். ஒரு மூலையில் கோப்பிக் கொட்டை காய்ந்தது. எங்கள் ஆட்கள் சுடலைக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார்களா? அக்கா என் கையைப் பிடித்து, கல்லறையில் தட்டி, அதில் இருக்கச் சொன்னார். இருந்தேன்.

பக்கத்தில் கல் அடுக்கி ஒரு துண்டு நிலத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அக்கா அதைக் காட்டி ஏதோ கேட்டார். உம்மிடம் கற்ற பாஷையில் லீனா பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, அம்மாவைக் கொண்டு வந்தனீங்களோ எண்டு பெரியம்மா கேக்கிறா."

நீர் ஸ்காபரோ மயானத்தில் இருக்கிறீர் என்று சொல்லச் சொன்னேன். அக்கா யோசித்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

"அங்க அம்மாவோட ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறா." லீனா என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஐ கான்ட். நீங்களே சொல்லுங்கோ."

நான் கல்லறையில் கிடந்த கோப்பிக் கொட்டையைப் பொறுக்கினேன்.

தூர தேசத்தில் இறந்தவர்களின் உடுப்பையாவது வீட்டு முற்றத்தில் புதைக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த உயிர் வழி தெரியாமல் அலையும் என்று அக்கா சொன்னதை லீனாதான் எனக்குத் தமிழில் சொன்னாள். அக்காவின் கண் லீனாவின் சுவெட்டரில் நின்றது. கை நீட்டி அதன் நுனியைத் தொட்டார்.

"நோ! இது என்ரை. இதில இன்னும் அம்மான்ரை மணம் இருக்கு!"

கத்திவிட்டு, மூலையில் கிடந்த கானைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தண்ணீருக்குப் போனாள். தோள் உரிந்தது. அக்காவோடு பேசவில்லை. ஆனால், அக்காவுக்குப் பின்னாலேயே போனாள், பின்னாலேயே வந்தாள்.

நாங்கள் புறப்படுகிற காலை. லொறி வந்து ஹோர்ன் அடிக்கிறது. லீனா தன் பையை ஏற்றவில்லை.

"அப்பா, சுவெட்டரைக் குடுக்கேலாது. அம்மாக்குப் பதிலா நான் கொஞ்ச நாள் நிக்கிறன்."

"விசரே பிள்ளை உனக்கு? படிப்பு?"

"படிப்பு எங்கயும் ஓடாது. போயிட்டு வாங்கோ."

அவள் அக்காவிடமும் அதையே சொல்லியிருக்கவேண்டும். அக்கா சிரித்தார், பிறகு அழுதார், பிறகு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். லொறி என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது.

இங்கே பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்: "என்ன தம்பி, பொம்பிளைப் பிள்ளையை மலைக்குள்ள விட்டிட்டு இஞ்ச வந்து நிக்கிறீர்? கூப்பிடும் அவளை!" அவர் சொல்லாவிட்டாலும் என் மனம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாதா கோவிலடி மேட்டில் மட்டும்தான் சிக்னல் என்பதால் லீனா அங்கே ஏறி நின்று கோல் எடுப்பாள். எனக்குக் காலை, அவளுக்கு மாலை. ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிற டிக்கெட்டில்தான் தொடங்குவேன். ஒவ்வொரு முறையும் கதையை மாற்றிவிடுவாள்.

பிறகு அங்கே மழை தொடங்கியது. கோல் நின்றது. பல நாட்கள் ஒன்றுமில்லை. வேலையில் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய் சாமான் அடுக்கிற ராக்கையில் இடித்தேன். "வீட்டுக்கு வா" என்று இந்தமுறை அதட்டியே சொல்வதென்று முடிவெடுத்திருந்தேன்.

போன கிழமை பிரேக் நேரத்தில் ஃபோன் அடித்தது. எடுத்ததும் அழுகைச் சத்தம்.

"என்ன பிள்ளை? உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்டுமில்லை அப்பா. ரோட் சரிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சி அக்காக்கு வயித்துக்குத்து வந்திட்டுது. மூங்கிலில உடுக்கிற சாரத்தைக் கட்டி, அதுக்குள்ள வச்சு எல்லாருமாத் தூக்கிக்கொண்டு மருத்துவிச்சியிட்ட இறங்கினம். நானும் பிடிச்சன். சேறு அப்பா, ஒரே சேறு."

"பிறகு?"

"தாய் தப்பீட்டா. பேபி இல்லை." மூக்கை உறிஞ்சினாள். "ரோட் இருந்திருந்தா இருந்திருக்கும்தானே அப்பா? ஏன் ஒருத்தரும் ஒண்டும் செய்யினமில்லை?"

நுனிநாக்கில் வைத்திருந்த சொல் வரவில்லை, யூலி. "தாய்க்கு இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்டேன்.

"பெரியம்மா பக்கத்தில இருக்கிறா. நான் போகோணும், சுடுதண்ணி வைக்கோணும்." வைத்துவிட்டாள்.

ஸ்காபரோவில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நீர் யன்னலடிக்கு ஓடுவீர். "எவ்வளவு கெதியா வாறாங்கள் பாருங்கோ" என்பீர். நான் சிரிப்பேன். நீரும் யாரையாவது அப்படிச் சுமந்துகொண்டு இறங்கினீரா? பிழைத்தாரா அவர்? என்னிடம் ஏன் அதைச் சொல்லவில்லை?

பனி கரைந்ததும் நான் போகிறேன். மனேஜரிடம் லீவு கேட்டாகிவிட்டது. "கூட்டிக்கொண்டு வரத்தானே?" என்று கேட்டார் சிவம் அண்ணை. எனக்குத் தெரியாது. மழைக்குப் பிறகு அவளுடைய முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயையும் பார்க்கவேண்டும். சரிந்த இடத்தில் மண் அள்ளுகிறார்கள் என்றால் எனக்கும் ஒரு மண்வெட்டி தருவார்கள்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளாகச் சொல்லும்வரைக்கும் வீடு என்ற சொல்லை நான் எடுக்கமாட்டேன். எந்த வீட்டை அவள் சொன்னாலும் அங்கே கொண்டுபோய் விடுவேன்.

உம்முடைய மனுசன்,
லீனாவின் அப்பா