செல்வியின் செடிகளுக்குத் தண்ணீர்

12-4-83, செவ்வாய்

வெயில். காக்கை பறக்கும்போதே வறுபட்டு விழுகிறது. எவனும் நம்பாத கதை ஒன்றை இந்த வாரம் எழுதப் போகிறேன் என்று என் மீசையின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

கதாநாயகர்கள்: கொல்லையில் ஐந்து சீமைப் பூச்செடிகள். பெயர் கோன்ப்ளவர். உயரம், உச்சியில் ஏறி நின்றால் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு தெரியும். பூவின் நடுவில் முள்ளம்பன்றி மாதிரி ஒரு கொண்டை. சுற்றிலும் ரோஸ் இதழ்கள், கீழே பார்த்துத் தொங்கும். நட்சத்திரம் பார்க்கிற டெலஸ்கோப் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் அம்மா கொடுத்த விதை. ஊன்றியது என் தங்கை வள்ளியின் மகள் செல்வி. மொக்கு வருவதற்குள், மாசியில், பேதி கண்டு போய்விட்டாள். தண்ணீர் கொடுத்தால் பேதி நிற்காது என்று எல்லாரும் சொன்னார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டே கிடந்தாள். வள்ளி கொடுக்கவில்லை. நல்லதற்கென்று.

இப்போது அந்த வள்ளிதான் கிணற்றிலிருந்து குடம் குடமாக இந்தச் செடிகளுக்கு.

"தாகம், அண்ணா. தலைய தொங்கப் போட்டுக்கினு கீது பாரு."

அவள் உதடு வெடித்திருக்கிறது. நான் கெஞ்சினால் ஒரு மிடறு, அதோடு சரி. சாப்பாடும் அப்படியே.

சமையல்: நான். களி. பாறைக்கு ஒரு படி மேல்.

13-4, புதன்

கிணற்றில் கையகலத் தண்ணீர். பக்கத்து வீட்டு முனியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டுக்கு இல்ல, மனுசனுக்கு இல்ல. உன் தங்கச்சி பூவுக்குக் கொட்றா. இன்னாய்யா நாயம்?"

"அது பூ இல்ல முனியம்மா. அதுல எண்ணெய் ஆட்டித்தான் டெலஸ்கோப்புக்கு ஊத்துறாங்க. நெலாவுல எறும்பு போனாகூடத் தெரியும்."

"உன் வாய்க்கு ஒரு மூடி செய்யச் சொல்லு." பிறகு குரலை இறக்கி, "சாப்புட்டாளா?"

"இல்ல."

தன் குடத்தில் பாதியை எங்கள் குடத்தில் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒரு செடி மஞ்சளடிக்கிறது. வெயிலாக இருக்கும். வள்ளி அதற்கு ஒரு குடம் கூடுதல்.

14-4, வியாழன்

வருஷப் பிறப்பு. துக்க வீடு, பாயசம் இல்லை. வேப்பம்பூப் பச்சடிகூட இல்லை. கசப்புக்கு இங்கே பஞ்சமா.

செடிக்கு மருந்து கேட்கலாம் என்று குவார்ட்டர்ஸ் போனேன். அந்த அம்மா ஊருக்குப் போய் ரொம்ப நாளாகிறதாம். பூட்டு. பாத்தி வெடித்துக் கிடக்கிறது, சொட்டு ஈரம் இல்லை. அதில் அதே செடிகள், கடப்பாரை நட்ட மாதிரி. இதழ் மட்டும் அதே தொங்கல்.

ஆக, தாகமில்லை. பிறவிக் குணம்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் செடியை அசைத்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் கூழ். செத்த எலி நாற்றம். ஊரே காயும்போது அழுகிப்போன செடி, ஈரேழு லோகத்திலும் எங்கள் கொல்லையில்தான்.

வள்ளியிடம் யார் சொல்வது? புலிக்குப் பல் விளக்கிவிட்டவன் நான். செடியை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்தேன்.

15-4, வெள்ளி

புளுகிப் பார்த்தேன்.

"சீமைச் சாதி, வள்ளி. வெள்ளிக்கெழம வெரதம். சொட்டுத் தண்ணி பட்டாலும் சாபம் குடுத்துடும்."

முன்பெல்லாம் தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இன்று ஒன்றும் இல்லை. ஊற்றினாள்.

சாயங்காலம் இன்னும் இரண்டு செடி சாய்ந்தது.

16-4, சனி

சொல்லிவிட்டேன். குடத்தைச் சாய்க்கும்போது கையைப் பிடித்தேன்.

"போதும் வள்ளி. தண்ணிதான் வேர அழுக வெக்குது."

"புளுகாதே."

ஒளித்த செடியை எடுத்து வந்து நீட்டினேன். வேரை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"குடுக்காம ஒண்ணு. குடுத்து ஒண்ணு. அப்ப நான் இன்னாதான் அண்ணா செய்யணும்?"

பத்து ஊருக்குப் பேசுகிற வாய் இது. களியைத் தட்டில் வைத்து நீட்டினேன்.

தட்டில் வைத்த களி அப்படியே. எறும்பு.

17-4, ஞாயிறு

வள்ளி எழுந்திருக்கவில்லை. ஒரு மிடறும் போய்விட்டது இப்போது. சொம்பை வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நாளை முதல் பஸ்ஸில் ஆலங்காயம் டாக்டரிடம், தோளில் போட்டுக்கொண்டாவது. முனியம்மா கூட வருகிறாள்.

செடி மிச்சம் இரண்டு. சுற்றிலும் மண்ணைக் கிளறி வேரைக் காற்றாட விட்டேன். வேறு என்ன செய்ய.

18-4, திங்கள்

பஸ்ஸுக்கு எழுப்பப் போனால் பாயில் ஆள் இல்லை. கிணற்றுக்கு ஓடினேன். இல்லை.

கொல்லையில், அந்த இரண்டு செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் சொம்பு. செடிக்கு ஊற்றவில்லை. அண்ணாந்து, நிறுத்தாமல், தானே குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்ளோதாண்ணா புள்ள கேட்டா."

ஒரு ஏரியையே குடித்தாள் என்று எழுதத்தான் கை போகிறது. அரைச் சொம்பு. இந்த வாரம் எழுதியதில் அதையாவது நம்பலாம்.