அக்காவைப் பிடித்தவர்களில் நீங்களும் உண்டா, அப்பா?

என் ஆசை அப்பாவுக்கு,

இதை வேறு யாராவது எடுத்துப் படிக்க நேர்ந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் காட்டாதீர்கள். அத்தையிடம் காட்டவே காட்டாதீர்கள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டுக்குள் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான்.

இந்த வீடு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு உங்கள் பாக்டரிக்குப் பக்கத்திலிருந்த பீன்யா வீட்டைக் காலி செய்துவிட்டு ஈஜிபுராவுக்கு வந்துவிட்டோம். அம்மா ஒரு அபார்ட்மெண்டில் சமையல் வேலைக்குப் போகிறாள். நான் பத்தாவது படிக்கிறேன். சுமதி அக்காவை ஓசூரில் கட்டிக் கொடுத்தோம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறோம். உங்கள் அக்காவும் துணைக்கென்று ஊரிலிருந்து வந்திருக்கிறார். சந்தோஷமாக இருக்க வேண்டிய வீடு. ஆனால் நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

செக்கப்புக்குப் போன அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. டாக்டர் வயிற்றில் கை வைக்க வந்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் "சும்னே மலக்கோம்மா" என்று கன்னடத்தில் அதட்டிப் படுக்க வைத்து, அவள் கணுக்காலைப் பிடித்தார். அக்கா உதைத்த உதையில் ட்ரே கீழே விழுந்தது. அதன் பிறகு அவள் அசையவே இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நர்ஸ் அம்மாவைத் தனியாகக் கூட்டிப் போய், மருமகன் அடிக்கிறாரா என்று கேட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

நானும் மாமாவைத்தான் சந்தேகப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சப்போட்டா வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாப்பா, போலீஸ் மாதிரி பாக்கற?" என்று சிரித்தார். அக்காவால் குனிய முடியவில்லை என்று அவர்தான் அவளுக்குக் கால் நகம் வெட்டிவிட்டார். ஒவ்வொரு விரலுக்கும் "தொடட்டுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் தொட்டார். அவருக்கு என்னவோ தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் அவளுக்குப் பாவாடை நாடா கட்டிவிட்டபோது பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே இரண்டு தழும்புகள். வயிறு பெருத்ததில் அவையும் இழுபட்டுப் பளபளவென்று இருந்தன. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தும் நான் அவற்றைப் பார்த்ததில்லை. என்னவென்று கேட்டேன். பாவாடையை மேலே இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள்.

அவளுக்கு ஆறு வயதாம். ஊரில் காய்ச்சல் வந்து கைகால் இழுப்பு வந்ததாம். கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டால் நின்றுவிடும் என்று ஒருவரிடம் தூக்கிப் போனார்களாம். இழுப்பும் நின்றுவிட்டது. அதனால் அது தப்பு என்று இன்றுவரை வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

"சூடு கூட மறந்துடும் பாப்பா. புடிச்சாங்க பாரு, அதுதான் மறக்கல. பிரசவத்துலயும் அப்படித்தான் புடிப்பாங்களாமே. எனக்கு வலி பயமில்ல. யாராவது புடிச்சா நான் அங்கயே செத்துடுவேன்."

யார் பிடித்தது என்று கேட்டேன். கால்களைப் பிடித்தது அத்தை என்றாள். கத்தாமலிருக்க யாரோ வாயில் துணியை வைத்து அழுத்தினார்களாம். "அந்தக் கையில மிஷின் ஆயில் வாசன வந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அப்பா. ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் என் கன்னத்தைக் கிள்ளும்போது வரும் வாசனை அது. சேதி கேட்டு பீன்யாவிலிருந்து நேரே பஸ் ஏறிப் போனீர்களா? கையைக் கூடக் கழுவவில்லையா? இல்லை, அது வேறு யாருடைய கையோவா? நம் ஊரில் வேறு யார் மிஷின் வேலைக்குப் போனார்கள்? உங்களைப் பாடையில் தூக்கும்போது, எல்லோரும் கூப்பிட்டும் உங்கள் காலைத் தொட வராமல் அக்கா வாசலிலேயே நின்றாளே, அது இதனால்தானா?

இப்போது இன்னொரு பயம். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். சாப்பிடும்போது அத்தை முடிவு செய்துவிட்டார். "நான் உள்ள போறேன். காலை நான் புடிச்சிக்கிறேன். சின்னதுலயே என்னா துள்ளு துள்ளுனா, எனக்குத் தெரியாதா?" அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அத்தை அதைக் கவனிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று பூண்டும் கருவாடும் சுமந்து வந்திருக்கிறார், அவளுக்குத் தினமும் தலை வாரிவிடுகிறார். "அன்னிக்கு நாங்க புடிக்கலன்னா இன்னிக்கு இவ இருப்பாளா?" என்று அதே மூச்சில் கேட்கிறார்.

நீ உள்ளே போ என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அவ கத்துனா என்னால கேக்க முடியாதுடி. அன்னிக்கே நான் வெளிய போய் நின்னுட்டேன்" என்றாள். வெளியே என்றால் எவ்வளவு தூரம்? அவள் கத்தியது கேட்காத தூரமா? அம்மாவை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்களையும்தான்.

நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. அதனால் நான் ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த நர்ஸைத் தேடிப் பிடிப்பேன். சின்ன வயதில் நடந்ததைச் சொல்வேன். இவளை யாரும் பிடிக்க வேண்டாம், தொடுவதற்கு முன்னால் கேளுங்கள், அத்தையை மட்டும் உள்ளே விடாதீர்கள் என்பேன். அத்தைக்குக் கன்னடம் வராது. அவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அம்மா என்னை அடித்தாலும் பரவாயில்லை. இது உங்கள் மேல் சத்தியம். வேறு யார் மேல் சத்தியம் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கை உங்களுடையதாகவே இருந்தாலும்,
உங்கள் சின்ன மகள்
பாப்பா

கதவைத் தட்டுகிறார்கள். அக்காவின் குரல்.

"பாப்பா, பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு. அத்தைய எழுப்பாத."